சர்வாதிகாரியை விட்டுவிட்டு கிராணியைப் பாருங்கள்

கொடுங்கோல் ஆட்சி நடக்கிற கற்பனை நாட்டுப் படம் ஒன்றைப் பார்த்து முடித்ததும் "அப்படியே நம்ம நாடுதான்யா" என்று ஒருவர் சொல்வார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள், எல்லோரும் தே தாரிக் குடிக்கக் கிளம்பிவிடுவார்கள். அந்த ஒரு வரியோடு பேச்சு நின்றுபோவது எனக்குப் பிடிக்கவில்லை. எது நம்ம நாடு மாதிரி, எது இல்லை, எந்த வருஷம், எந்தச் சட்டம், அதை யார் கையால் செய்தார்கள் என்று கேட்டுப் பார்க்காமல் விட்டால் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்ததற்கு ஒன்றும் மிஞ்சாது. மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் நாங்கள் சில குடும்பங்கள் சேர்ந்து, வீட்டு ஹாலில், பெரியவர்களையும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு இப்படிப் படம் பார்த்துப் பேசி வருகிறோம். அதில் உருப்படியாக அமைந்த முறையை எழுதுகிறேன். பீடோர், கூலிம், தெலுக் இந்தான் என்று எந்தத் தோட்டப் பட்டணத்தில் இருப்பவர்களும் செய்து பார்க்கலாம்.

முதலில் படத்தைத் தேர்ந்தெடுப்பது. உங்களுக்குப் பிடிக்காத கட்சியைத் திட்ட வசதியாக இருக்கும் என்று எந்தப் படத்தையும் எடுக்காதீர்கள். அப்படி எடுத்தால் விடையைக் கையில் வைத்துக்கொண்டுதான் உட்காருவீர்கள். பெரியவர்கள் இருக்கிற வீட்டுக்கு நான் சொல்வது 1927இல் வெளிவந்த ஜெர்மன் படமான மெட்ரோபோலிஸ், ஃபிரிட்ஸ் லாங் இயக்கியது. பணக்காரர்கள் மேலே வானுயர்ந்த கட்டடங்களில் வாழ, தொழிலாளர்கள் பூமிக்கு அடியில் இயந்திரங்களோடு கிடக்கும் ஒரு நகரத்தின் கதை. மௌனப் படம் என்பதால் மொழித் தொல்லை இல்லை. இடையில் வரும் எழுத்து அட்டைகளை ஒருவர் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தால் எண்பது வயதுப் பாட்டியும் கதையை விடாமல் பிடித்துக்கொள்வார். ஒன்றை மட்டும் கவனியுங்கள். வெளியான கொஞ்ச காலத்திலேயே இந்தப் படத்தை வெட்டிக் குறைத்துவிட்டார்கள், வெட்டுப்பட்டதில் பெரும்பகுதி 2008இல் புவனோஸ் ஐரிஸில் உள்ள ஓர் அருங்காட்சியகத்தில்தான் கிடைத்தது, அதைச் சேர்த்துச் சீரமைத்த 2010 பதிப்பு ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் ஓடும். அதைத் தேடி எடுங்கள்.

இளையவர்கள் மட்டும் என்றால் டெர்ரி கில்லியம் இயக்கிய பிரேசில், 1985. பெயர்தான் பிரேசில், அந்த நாட்டுக்கும் கதைக்கும் சம்பந்தமில்லை. காகிதமும் முத்திரையும் குழாய்களும் ஆள்கிற ஓர் அரசாங்கத்தைப் பற்றிய படம். இதிலும் பதிப்பைப் பார்த்து எடுக்க வேண்டும். தயாரிப்பு நிறுவனத்துக்கு அந்த முடிவு பிடிக்கவில்லை, சந்தோஷமாக முடிகிற மாதிரி வெட்டி ஒட்டிய ஒன்றரை மணி நேரப் பதிப்பு ஒன்று அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஓடியது. நீங்கள் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடுவதையே பாருங்கள். அதிகாரத்தைப் பற்றிய ஒரு படத்தின் முடிவை அதிகாரம் உள்ளவர்கள் மாற்றப் பார்த்தார்கள் என்பதையும் பேச்சில் சேர்த்துக்கொள்ளலாம்.

எங்கே போட்டுப் பார்ப்பது என்பதில் அசட்டை வேண்டாம். வீட்டில், குடும்பத்தோடு, முறையாக உரிமம் உள்ள தளத்தில் பாருங்கள். கோயில் மண்டபத்திலோ பொது மண்டபத்திலோ ஆட்களைக் கூட்டிப் போடுவதென்றால் தணிக்கை வாரியத்தின் அனுமதி வேண்டும். 2013 ஜூலை 3ஆம் தேதி கோலாலம்பூரில், இலங்கைப் போரின் கடைசி மாதங்களைப் பற்றிய 'நோ ஃபயர் சோன்' ஆவணப்படத்தைத் தணிக்கை இல்லாமல் திரையிட்டதற்காக லீனா ஹென்ட்ரி என்ற மனித உரிமைச் செயற்பாட்டாளர் மீது 2002ஆம் ஆண்டு திரைப்படத் தணிக்கைச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டார்கள். 2016இல் கீழ் நீதிமன்றம் அவரை விடுவித்தது. அரசுத் தரப்பு விடவில்லை, மேல்முறையீடு போய், 2017இல் குற்றவாளி என்று தீர்ப்பாகி 10,000 வெள்ளி அபராதம் கட்ட வேண்டி வந்தது. அந்தச் சட்டத்தில் மூன்று ஆண்டு வரை சிறைக்கும் இடமிருக்கிறது. நம்மவர்களில் அந்த ஆவணப்படத்தைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் நிறையப் பேர், அந்த வழக்கைப் பற்றித் தெரிந்தவர்கள் குறைவு. படத்தைப் போடுவதற்கு முன்பே இதை எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். "எதைப் பார்க்கலாம் என்று யார் முடிவு செய்கிறார்கள்" என்ற கேள்வி அப்போதே அறைக்குள் வந்துவிடும்.

சரி, இப்போது பார்க்கும் முறை. முதல் தடவை சும்மா பாருங்கள், போனைத் தள்ளி வைத்துவிட்டு. குறிப்பு எதுவும் எழுத வேண்டாம். இரண்டாவது தடவை முழுப் படமும் தேவையில்லை, மனசில் நின்ற ஒரு காட்சியை மட்டும் திரும்பப் போட்டுப் பாருங்கள், அப்போதுதான் நோட்டை எடுக்க வேண்டும். நோட்டில் எழுத மூன்றே கேள்விகள்: இந்தக் காட்சியில் உத்தரவு போட்டது யார், அதை எழுதிக்கொண்டது யார், வாசலில் நின்று ஆளை உள்ளே விட்டதோ தடுத்ததோ யார்?

இந்த மூன்றில் முதல் கேள்விக்குப் பதில் எப்போதும் சுலபம். இந்த வகைப் படங்களில் மேலே ஒரு பெரிய முகம் இருக்கும், சுவரெல்லாம் அவர் படம், ஒலிபெருக்கியெல்லாம் அவர் குரல். பார்க்கிறவர்கள் உடனே அந்த முகத்துக்குப் பதில் தங்களுக்குத் தெரிந்த ஓர் அரசியல்வாதியின் முகத்தை ஒட்டிப் பார்ப்பார்கள், பிறகு அரை மணி நேரம் அதே சண்டைதான். நான் சொல்வது, அந்த முகத்தை விட்டுவிடுங்கள். இரண்டாவது, மூன்றாவது கேள்விகளில் உட்காருங்கள். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது சொல்லித்தர வேண்டிய விஷயமே இல்லை. நம் தாத்தா பாட்டிகள் தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரையை எத்தனை தடவை பக்கத்தில் பார்த்திருப்பார்கள்? அவர்கள் தினமும் பார்த்தது வேலை வாங்கும் மண்டோரை. சம்பள நாளில் பார்த்தது கணக்கெழுதும் கிராணியை. அதிகாரம் அவர்களிடம் வந்து சேர்ந்தது அந்த இரண்டு பேர் வழியாகத்தான், அதுவும் பெரும்பாலும் தமிழ் பேசிக்கொண்டு.

மெட்ரோபோலிஸின் தொடக்கத்தில் வேலை மாறும் காட்சி ஒன்று வரும். ஒரு கூட்டம் வேலைக்குப் போகிறது, ஒரு கூட்டம் வேலை முடிந்து திரும்புகிறது, இரண்டு கூட்டமும் தலை கவிழ்ந்து, ஒரே சீருடையில், அடி மேல் அடி வைத்து நடக்கும். அவர்களில் ஒருவனுக்கு 11811 என்று எண். எங்கள் வீட்டில் இந்தக் காட்சி ஓடியபோது பக்கத்து வீட்டுப் பாட்டி நிறுத்தச் சொன்னார். அவர் பதினாலு வயதில் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனவர். விடியாத நேரத்தில் பெரட்டுக் களத்தில் நிற்பதைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். "பேரு கூப்பிடறப்ப அங்க நிக்கணும். ரெண்டாவது வாட்டி கூப்பிட மாட்டாங்க. ஒருநாள் புள்ளைக்குக் காய்ச்சல், ஆயாக் கொட்டகையில விட்டுட்டு ஓடி வரேன், பேரு தாண்டிப் போச்சு. அன்னிக்கு வேலை இல்லை, சம்பளம் இல்லை. மண்டோர் யாருங்கிற? எங்க சின்ன மாமாதான்." பேத்தி கேட்டாள், "சொந்த மாமாவா? கோபம் வரலியா பாட்டி?" பாட்டி கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவரு என்னை உள்ள விட்டிருந்தா அவரு பேரு போயிருக்கும்" என்றார். அதற்கப்புறம் அந்த அறையில் யாரும் பெரிய முகத்தைப் பற்றிப் பேசவில்லை. மாமாவைப் பற்றித்தான் பேசினோம், அவர் வேறு என்ன செய்திருக்க முடியும் என்று, நீண்ட நேரம்.

இப்படிப் பெரியவர்கள் பேச ஆரம்பித்தால் படத்தை நிறுத்துங்கள். "அப்புறம் சொல்லுங்க பாட்டி" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அந்த நேரம் திரும்ப வராது. பதிவு செய்யலாமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு போனில் குரலைப் பதிந்து வையுங்கள்.

மெட்ரோபோலிஸின் முடிவைக் கட்டாயம் விவாதியுங்கள், ஏனென்றால் அது மோசமான முடிவு. முதலாளியும் தொழிலாளர் தலைவனும் கைகுலுக்கிக்கொள்கிறார்கள், மூளைக்கும் கைக்கும் நடுவில் இதயம் வேண்டும் என்று சொல்லிப் படம் முடிகிறது. வேலை நேரம் குறைந்ததா, கூலி ஏறியதா, ஒரு வார்த்தை கிடையாது. தோட்டத்தில் கைகுலுக்கல் அப்படி நடந்ததில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளைத் தேடிப் படித்துப் பாருங்கள்: சீனத் தொழிலாளர்களுக்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், கள்ளுக்கடையை மூடுவது, இவற்றோடு, துரை எதிரில் வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிப்பது. கூலியோடு சேர்த்து சைக்கிளையும் கேட்டிருக்கிறார்கள்! பதிலாகப் பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது, அவர்களுடைய தலைவர் ஆர். எச். நாதனை நாடு கடத்தினார்கள். படத்தில் வரும் தலை கவிழ்ந்த நடையைப் பார்த்து "இதெல்லாம் மிகை" என்று சொல்லும் பையனுக்கு இந்தச் சைக்கிளைக் காட்டலாம்.

அடுத்தது, ஒப்பீட்டைச் சோதிப்பது. இதைத்தான் பெரும்பாலோர் செய்வதில்லை. யாராவது "இது மாதிரிதான் நம்ம நாட்டிலேயும்" என்று சொன்னால் கோபப்படாமல் மூன்றை அவரிடமே கேளுங்கள்: எந்த வருஷம், எந்தச் சட்டத்தில், படத்தில் இருப்பதும் இங்கே நடந்ததும் எந்த இடத்தில் பிரிகிறது. மூன்றாவதுக்குப் பதில் இல்லாதவர் இன்னும் யோசிக்கவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு வசதியான உதாரணம், கம்யூனிஸ்ட்டுகளுக்கு எதிராகப் பிரிட்டிஷ் ஆட்சி கொண்டுவந்த அவசர காலம். 1948 ஜூன் 16 காலையில் சுங்கை சிப்புட் பக்கத்தில் எல்ஃபில் தோட்டத்திலும் இன்னொரு தோட்டத்திலுமாக மூன்று வெள்ளைக்காரத் துரைமார்களைக் கம்யூனிஸ்ட்டுகள் சுட்டுக்கொன்றார்கள். இரண்டே நாளில் அவசர காலம் நாடு முழுவதற்கும் வந்துவிட்டது, 1960 ஜூலை வரை நீடித்தது. 12 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் படமும் கைநாட்டும் உள்ள அடையாள அட்டை வந்தது அப்போதுதான். 1950இல் பிரிக்ஸ் திட்டம் வந்து, காட்டோரத்தில் சிதறியிருந்த லட்சக்கணக்கானவர்களை, பெரும்பாலும் சீனர்களை, முள்வேலி போட்ட புதுக் கிராமங்களில் கொண்டுபோய் வைத்தார்கள். தோட்டங்களிலும் தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களை ஒரே இடமாகச் சேர்த்து வேலி கட்டினார்கள். ஊரடங்கு, அரிசிக்கு அளவு, வேலைக்குப் போகும்போது சாப்பாடு எடுத்துப் போகக்கூடாது என்று சோதனை, சில பகுதிகளில் அரிசியைப் பொதுவில் வேகவைத்துச் சோறாகத்தான் கொடுத்தார்கள். முள்வேலி, அட்டை, ஒலிபெருக்கி, சோற்றுக்கு வரிசை. எந்தக் கற்பனைப் படத்திலும் இதைவிட அதிகம் இருக்காது.

பிரிகிற இடம் என்ன? அந்தப் படங்களில் எதிரி பெரும்பாலும் அரசாங்கம் பயமுறுத்தக் கட்டிய பொம்மையாக இருப்பான். இங்கே காட்டுக்குள் துப்பாக்கியோடு ஆள் இருந்தார்கள், தோட்டத் தொழிலாளிகளும் அவர்கள் கையில் செத்திருக்கிறார்கள். அதைச் சொல்லாமல் வேலியை மட்டும் சொன்னால் அரைக் கதை. அதே மாதிரி, துப்பாக்கிக்காரர்களை மட்டும் சொல்லிவிட்டு, 1949 மே மாதம் தூக்கிலிடப்பட்ட தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதியைச் சொல்லாமல் விட்டாலும் அரைக் கதைதான். இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதி வையுங்கள். ஒன்று மற்றொன்றை ரத்து செய்யாது.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் தகவல் இலாகா வேனைப் பற்றியும் கேளுங்கள். தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போட்ட வேன். மலாயன் ஃபிலிம் யூனிட் 1946இல் தொடங்கியது, அவசர காலத்தில் அரசாங்கம் சொல்ல நினைத்ததெல்லாம் அதன் படங்களாகத் தோட்டம் தோட்டமாகப் போனது. படம் பார்த்துப் பழகியதே அப்படித்தான் என்றால், இந்தப் படத்துக்குக் காசு போட்டது யார், நம்மை என்ன நினைக்க வைக்கப் பார்க்கிறார்கள் என்ற கேள்வியைக் கேட்க நமக்குக் கூடுதல் உரிமை இருக்கிறது. ஹாலிவுட் படத்திடமும் அதைக் கேளுங்கள்.

இன்னொரு சோதனையும் இருக்கிறது, எனக்கு மிகவும் பயன்பட்டது. படத்தில் அடைத்துவிட்ட கதவுகளில் எது இங்கே திறந்திருந்தது என்று கேட்பது. விசாரணை இல்லாமல் பிடித்து வைப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். 1960இல் வந்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் அமைச்சர் கையெழுத்துப் போட்டால் இரண்டு வருஷம், அதைத் திரும்பத் திரும்ப நீட்டலாம். 1987 அக்டோபரில் தொடங்கிய லாலாங் நடவடிக்கையில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்தார்கள், மூன்று பத்திரிகைகளின் உரிமத்தைப் பறித்தார்கள். 2007 டிசம்பரில், இந்தியர்களின் உரிமை கேட்டுப் போராடிய ஹிண்ட்ராஃப் அமைப்பின் தலைவர்கள் ஐந்து பேரைக் கமுந்திங் தடுப்பு முகாமில் கொண்டுபோய் வைத்தார்கள், அது எங்கள் ஊரிலிருந்து தைப்பிங் போகிற தூரம்தான். 2011இல் எங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த டாக்டர் மைக்கல் ஜெயக்குமாரையே, அவர் கட்சிக்காரர்கள் ஐந்து பேரோடு, 1969ஆம் ஆண்டு அவசரகாலச் சட்டத்தின் கீழ் வாரக்கணக்கில் தடுத்து வைத்தார்கள். ஊர் மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய ஆள். இதுவரை படம் மாதிரியேதான்.

அப்புறம் என்ன நடந்தது என்பதில்தான் வேறுபாடு. அவரை ஜூலை கடைசியில் விட்டார்கள். அந்த அவசரகாலச் சட்டமும் போனது, உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தை 2012இல் நாடாளுமன்றமே ரத்து செய்தது. 2018 மே 9இல் சுதந்திரத்துக்குப் பிறகு முதல் தடவையாக ஓட்டுப் போட்டு ஆட்சியை மாற்றினோம், அடுத்த நாள் எல்லோரும் பசியாறப் போனோம். பிரேசில் படத்தில் இப்படி ஒரு கதவு கிடையாது. ஆனால் பழைய சட்டம் போன இடத்தில் சொஸ்மா என்ற புதிய பாதுகாப்புச் சட்டம் வந்தது, அதில் குற்றம் சாட்டாமலே 28 நாள் வரை பிடித்து வைக்கலாம். ஆகவே "எல்லாம் சரியாகிவிட்டது" என்று சொல்பவரையும் அந்த மூன்று கேள்விக்கு உட்கார வையுங்கள்.

பிரேசில் படத்துக்கு வருகிறேன், ஏனென்றால் நம் ஆட்களை அதிகம் தொடப் போவது அதுதான். அலுவலக இயந்திரம் ஒன்று கைது உத்தரவுகளை அச்சடித்துக்கொண்டிருக்கும், மேலேயிருந்து ஒரு பூச்சி செத்து அதற்குள் விழும், டட்டில் என்ற பெயர் பட்டில் என்று மாறிவிடும். அவ்வளவுதான். அப்பாவி ஒருவரைக் குடும்பத்தின் கண்ணெதிரே சாக்கில் கட்டித் தூக்கிப் போவார்கள், மனைவியிடம் ரசீதில் கையெழுத்து வாங்குவார்கள். பிறகு கதாநாயகன், நல்ல மனுஷன், அரசாங்க குமாஸ்தா, அந்த விதவையின் வீட்டுக்குப் பணத்தைத் திருப்பித் தரும் காசோலையோடு போவான், தான் நல்லது செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு. இரண்டாவது தடவை பார்க்க இந்தக் காட்சியை எடுங்கள். அவன் முகத்தை மட்டும் பாருங்கள்.

அதற்கப்புறம் உங்கள் வீட்டு இரும்புப் பெட்டியைத் திறங்கள். நிஜமாகவே சொல்கிறேன். பிறப்புப் பத்திரங்களையும் ஐசி என்கிற அடையாள அட்டைகளையும் மேசையில் பரப்பி, அண்ணன் தம்பிகளின் தாள்களில் அப்பா பெயர் ஒரே மாதிரி எழுதியிருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். தோட்டத்தில் பிறப்பைப் பதியப் போனவர் வாயால் சொன்ன பெயரை எதிரே இருந்தவர் தனக்குக் கேட்ட மாதிரி எழுதியது எத்தனையோ. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் அப்பா பெயரில் ஓர் எழுத்து மாறியதற்காகப் பெண் பிள்ளையின் விண்ணப்பம் இரண்டு வருஷம் அலைக்கழிந்தது. இந்த மண்ணில் பிறந்து, இந்த மரத்தைச் சீவி, கடைசி வரை நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு ஐசியோடு, ஓட்டுரிமை இல்லாமலே இருந்த முதியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். 60 வயதைத் தாண்டிய அப்படிப்பட்ட இந்தியர்கள் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் குடியுரிமை தருவதாக 2018இல்தான் அரசாங்கம் அறிவித்தது. கோயிலில் தாலி கட்டி, ஊரைக் கூட்டிச் சோறு போட்டு, பதிவுத் திருமணத்தை மட்டும் செய்யாமல் விட்டவர்கள் பிள்ளைகளின் நிலையையும் பாருங்கள். 1982 மார்ச்சிலிருந்து சட்டம் திருமணப் பதிவைக் கேட்கிறது. பதிவில்லாத பெற்றோருக்குப் பிறந்த பிள்ளை தாயின் குடியுரிமையைத்தான் தொடரும், தாய்க்குக் குடிமக்களுக்கான நீல ஐசி இல்லையென்றால் அப்பாவின் நீல ஐசி உதவாது.

இதைப் படத்தோடு ஒப்பிடும்போது ஒரு பிரிவைக் கவனமாகச் செய்யுங்கள். தவறாக எழுதியது வேறு, வேண்டுமென்றே எழுதியது வேறு. எல்லாத் தவற்றையும் சதி என்று சொன்னால் முகப்பில் உட்கார்ந்திருக்கும் அலுவலர் எல்லாம் எதிரியாகத் தெரிவார்கள், உதவக்கூடியவரையும் விரட்டிவிடுவோம். பிரேசிலில் யாருக்குமே கெட்ட எண்ணம் இல்லை, ஒவ்வொருவரும் தன் மேசைக்கு வந்த தாளை அடுத்த மேசைக்குத் தள்ளுகிறார்கள், அதில்தான் ஒரு மனிதன் சாகிறான். நம் ஊரில் அந்தத் தாளை நிறுத்தித் திருத்திய கிராணிகளும் இருந்திருக்கிறார்கள். அவர்கள் கதையையும் கேட்டு நோட்டில் எழுதுங்கள், அதற்குத்தான் விட்டது யார், தடுத்தது யார் என்ற மூன்றாவது கேள்வி. தாள்களில் பிழை இருந்தால் நாளைக் கடத்தாமல் தேசியப் பதிவிலாகாவுக்குப் போங்கள், போகும்போது பெற்றோர், பள்ளி, மருத்துவமனைத் தாள்கள் எல்லாவற்றின் நகலையும் எடுத்துப் போங்கள், யாரைப் பார்த்தீர்கள், எந்தத் தேதி, என்ன சொன்னார்கள் என்று அந்த நோட்டிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

கட்சிச் சண்டை வரும், தவிர்க்க முடியாது. நாங்கள் வைத்திருக்கும் ஏற்பாடு, ஒருவர் தான் ஓட்டுப் போட்ட கட்சி செய்த ஒன்றை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றக் கட்சியைப் பற்றிப் பேச வேண்டும். இதற்கு ஒப்புக்கொள்ளாதவர் சும்மா கேட்டுக்கொண்டிருக்கலாம், முறுக்கு அவருக்கும் உண்டு. படத்திலிருந்து ஒரு காட்சியை வெட்டி, பக்கத்தில் ஒரு தலைவர் படத்தை ஒட்டி, வாட்ஸ்அப்பில் அனுப்புவதை மட்டும் யாரும் செய்யக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். அது பேச்சை முடித்துவிடும், அத்தோடு நடுராத்திரியில் யார் வீட்டுக் கதவையாவது தட்ட வைக்கவும் கூடும்.

பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் பிரேசில் வேண்டாம், கடைசியில் வரும் சித்திரவதைக் காட்சி அவர்களுக்கு ஆகாது. அவர்களுக்கு ஹங்கர் கேம்ஸ் போதும், ஏற்கெனவே பார்த்தும் இருப்பார்கள். அதில் வரும் மூன்று விரல் வணக்கத்தை 2014 ராணுவப் புரட்சிக்குப் பிறகு தாய்லாந்து மாணவர்கள் எடுத்துக்கொண்டார்கள், அதைக் காட்டியதற்காகக் கைதும் ஆனார்கள், 2021இல் மியன்மார் தெருக்களிலும் அதே விரல்கள். இரண்டும் நம் பக்கத்து நாடுகள்தான், வரைபடத்தை விரித்துக் காட்டிவிட்டு, கைது செய்யப் போன போலீஸ்காரர் வீட்டில் இந்தப் படத்தைப் பார்த்திருப்பாரா என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். அவர்கள் சொல்வதைத் திருத்தாமல், நோட்டில் அவர்களையே எழுதச் சொல்லுங்கள்.